ஒரே வார் கோப்பு, இரண்டு சர்வர், இரண்டு பதில்

வாசகியின் கடிதம்

பெயரும் நிறுவனமும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டு அனுபவம் உள்ள ஜாவா டெவலப்பர். ஆறு பேர் குழுவில் ஒரு பில்லிங் செயலியைப் பார்த்துக்கொள்கிறார். ஜாவா 11, செயலியை ஓட்டும் சர்வரான டாம்கேட் 9, லைப்ரரிகளைச் சேர்த்துச் செயலியைக் கட்டித் தரும் மேவன். மாத அறிக்கைகளுக்காக அண்மையில் ஒரு புதிய லைப்ரரியைச் சேர்த்தார். அது கூகுளின் பொதுப் பயன்பாட்டு லைப்ரரியான குவாவா 31-ஐயும் கூடவே இழுத்து வந்தது. அவருடைய விண்டோஸ் லேப்டாப்பில் எல்லாம் ஓடியது. லினக்ஸ் டெஸ்ட் சர்வரிலும் ஓடியது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வரிலும் அதே லினக்ஸ், அதே டாம்கேட், செயலி முழுவதையும் கட்டிய அதே வார் கோப்புதான். செயலி ஒழுங்காகத் தொடங்கியது, பில் போட்டது, பணம் வாங்கியது. மாதக் கடைசி இரவில் அறிக்கை மட்டும் வரவில்லை. லாகிலும் ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் தேடிய பிறகு பிடிபட்டது ‘நோ சச் மெத்தட் எரர்’. குவாவாவின் ‘பிரீகண்டிஷன்ஸ்’ கிளாஸில் ‘செக்ஆர்கியுமென்ட்’ என்ற மெத்தட் இல்லையாம். குழுத் தலைவர் சர்வருக்குள் நுழைந்து, குவாவாவின் கிளாஸ்களைக் கட்டி வைத்த ஜார் கோப்பின் பெயருக்கு முன்னால் மூன்று ‘ஏ’ சேர்த்து டாம்கேட்டை மறுபடி தொடங்கினார். அறிக்கை வந்துவிட்டது. பிறகு வாசகி புதிய வார் கோப்பை ஏற்றினார். அடுத்த மாதக் கடைசியில் அதே எரர். “நீங்கள் ஏற்றியதால்தான் உடைந்தது” என்று குழுவில் பேச்சு.

இப்போது கூட்டத்தில் மூன்று யோசனைகள் இருக்கின்றன. எல்லா ஜார்களையும் டாம்கேட்டின் பொது லிப் அடைவுக்கு மாற்றுவது. எல்லா லைப்ரரிகளையும், டாம்கேட்டையும் சேர்த்து, புதிய வெர்ஷனுக்கு ஏற்றுவது. எரரைப் பிடித்து விழுங்கிவிட்டு மேலே போவது. வாசகி கேட்கிறார்: “எந்த லைப்ரரி எதை இழுத்து வருகிறது என்று காட்டும் மேவனின் டிபென்டன்ஸி ட்ரீயில் ஒரே ஒரு குவாவாதான் இருக்கிறது. அப்படியானால் மோதல் இல்லை என்றுதானே அர்த்தம்? கோளாறு சர்வரிலா, என்னிடமா? அடுத்த மாதக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.” எரரின் முழு வரியையும் லிப் அடைவின் பட்டியலையும் இணைத்திருக்கிறார்.

ஆலோசனை

வணக்கம். பட்டியலை இணைத்து அனுப்பியதற்கு நன்றி, அதில்தான் பாதி விடை இருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் செயலிக்குள் ஒரு குவாவா இல்லை, பெரும்பாலும் இரண்டு இருக்கின்றன. மேவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

மேவன் ஒரு ஜாரை அதன் குழுப்பெயர், கோப்புப்பெயர், வெர்ஷன் என்ற முகவரியால் மட்டுமே அறியும். ஜாரைத் திறந்து உள்ளே என்னென்ன கிளாஸ்கள் இருக்கின்றன என்று அது பார்ப்பதில்லை. உங்கள் பட்டியலில் பணப்பரிமாற்ற நிறுவனம் கொடுத்த ஜார் ஒன்று மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கிறது. தனக்குத் தேவையான லைப்ரரிகளையெல்லாம் பிரித்து உள்ளேயே கொட்டிக் கட்டிய ‘ஃபேட் ஜார்’ அது என்று சந்தேகப்படுகிறேன். அதற்குள் பழைய குவாவா இருந்தால் டிபென்டன்ஸி ட்ரீ அதைக் காட்டவே காட்டாது. (இதற்கு ஒரு தம்பி வடிவமும் உண்டு. குவாவாவின் முன்னோடியான ‘கூகுள் கலெக்ஷன்ஸ்’ ஜாரிலும் அதே பேக்கேஜ் பெயர்கள்தான். ஆனால் முகவரி வேறு என்பதால் மேவன் இரண்டையும் தடையில்லாமல் உள்ளே விட்டுவிடும்.)

இனி அந்த எரரைப் பார்ப்போம். ‘செக்ஆர்கியுமென்ட்’ பழைய குவாவாவிலும் இருக்கிறதே, அப்புறம் ஏன் இல்லை என்கிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். எரர் வரியின் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படியுங்கள். ஒரு பூலியன், ஒரு ஸ்ட்ரிங், ஒரே ஒரு ஆப்ஜெக்ட். பழைய குவாவாவில் இருந்தது பூலியன், ஸ்ட்ரிங், அப்புறம் ஆப்ஜெக்ட்களின் அரே என்ற வடிவம். குவாவா 20-இல்தான், ஒவ்வொரு அழைப்புக்கும் அரே உருவாக்க வேண்டாம் என்று, ஒற்றை ஆப்ஜெக்ட் வாங்கும் வடிவங்களைச் சேர்த்தார்கள். ஆகவே ஒரே சோர்ஸ் வரியை குவாவா 18-ஓடு கம்பைல் செய்தால் ஒரு அழைப்பும், 31-ஓடு கம்பைல் செய்தால் வேறொரு அழைப்பும் கம்பைலர் எழுதித் தரும் பைட்கோடில் பதிவாகின்றன. அந்தக் கோடை ஓட்டும் ஜேவிஎம் தேடுவது பெயரை மட்டும் அல்ல. அளபுருக்களின் வகை, திரும்பி வரும் வகை எல்லாம் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். புதிய அறிக்கை லைப்ரரி 20-க்குப் பிந்தைய குவாவாவோடு கம்பைல் ஆனது. உங்கள் சர்வரில் அதன் கைக்குக் கிடைத்தது 20-க்கு முந்தையது. கம்பைல் ஆகிவிட்டதால் ஓடும் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். கம்பைலர் பார்த்த ஜாரும் ஓடும்போது கிடைக்கும் ஜாரும் ஒன்றாக இருக்கும்வரைதான் அந்த நம்பிக்கை செல்லும்.

செயலி தொடங்கும்போதே ஏன் உடையவில்லை? ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் ஒரு மெத்தட் அழைப்பை முதல் முறை அந்த வரிக்கு வரும்போதுதான் தேடிப் பிடிக்கிறது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வரி மாதக் கடைசியில்தான் உடையும். லாக் வெறுமையாக இருந்ததற்கும் காரணம் உண்டு. இது ‘எக்ஸெப்ஷன்’ குடும்பம் அல்ல, ‘எரர்’ குடும்பம். எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் உங்கள் கேட்ச் அதைத் தொடவே தொடாது. இரவு வேலையை எக்ஸிக்யூட்டரின் ‘சப்மிட்’ வழியாகக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கொடுத்தால் எரர் ‘ஃபியூச்சர்’ பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது ‘கெட்’ கூப்பிடும்வரை வெளியே வராது. உங்கள் குழுவில் யாரும் கூப்பிடவில்லை.

ஏன் ஒரு சர்வரில் மட்டும்?

உங்களை மிகவும் வருத்திய கேள்வி இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. டாம்கேட் ஒரு கிளாஸைத் தேடும் வரிசை இது: முதலில் ஜாவாவின் சொந்தக் கிளாஸ்கள், பிறகு உங்கள் செயலியின் வெப்-இன்ஃப் அடைவில் உள்ள கிளாசஸ், அடுத்து அங்கேயே உள்ள லிப், கடைசியாக டாம்கேட்டின் பொது லிப். இந்த வரிசை உறுதியானது. ஆனால் வெப்-இன்ஃப் லிப்புக்குள் இருக்கும் ஜார்களுக்கு இடையே எது முதலில் என்பதற்கு எந்த வாக்குறுதியும் கிடையாது. ஜாவா வெப் செயலிகளுக்கான சர்வ்லெட் விதிமுறை அதைச் சொல்லவில்லை. டாம்கேட் 7 வரை ஜார்கள் அகரவரிசையில் ஏறின. 8-இலிருந்து அது போய்விட்டது. இயங்குதளம் கோப்புகளை எந்த வரிசையில் பட்டியலிட்டுத் தருகிறதோ அதே வரிசைதான். முதலில் கண்ணில் படும் கிளாஸ் ஏறிவிடும். வெர்ஷனை யாரும் ஒப்பிடுவதில்லை. ‘புதியதுதான் ஜெயிக்கும்’ என்று எழுதியிருந்தீர்கள். பில்ட் நேரத்தில், மேவனைப் போன்ற இன்னொரு கருவியான கிரேடிலின் இயல்பு அது. மேவனில் ட்ரீயில் எது வேருக்குப் பக்கமோ அது ஜெயிக்கும்; இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால் முதலில் எழுதப்பட்டது. ஓடும் நேரத்தில் கிளாஸ்களை ஏற்றும் கிளாஸ்லோடருக்கு இந்த இரண்டு விதியும் தெரியாது.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பெயர் வரிசையில் தருகிறது, உங்கள் லேப்டாப்பில் குவாவா முந்திவிட்டது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்புப் பெயர்களை ஹாஷ் எண்ணாக மாற்றி, அந்த எண்களின் வரிசையில் தருகிறது. அந்த ஹாஷுக்கான விதை எண், டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் தனியாக உருவாகிறது. அதனால் ஒரே வார் கோப்பை விரித்தாலும் இரண்டு சர்வர்களில் இரண்டு வரிசை வரலாம். தலைவர் பெயரை மாற்றியதும் ஹாஷ் எண் மாறியது. இந்த முறை குவாவா முன்னால் வந்து விழுந்தது. மூன்று ‘ஏ’ என்பதால் அல்ல, மூன்று ‘இசட்’ போட்டிருந்தாலும் அது நடந்திருக்கலாம். அடுத்து நீங்கள் வாரை ஏற்றியபோது அடைவு புதிதாக விரிந்து பழைய பெயர் திரும்பி வந்தது. உடைத்தது நீங்கள் அல்ல. சர்வருக்குள் கையால் செய்து, எங்கும் பதிவு செய்யாமல் விட்ட ஒரு மாற்றம் அழிந்தது, அவ்வளவுதான்.

முதல் வேலை: சாட்சி

நான் சொன்னதை நம்பி எதையும் மாற்றிவிடாதீர்கள். எந்தக் கிளாஸ் எந்த ஜாரிலிருந்து ஏறியது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஒரு ஜாரைத் தொட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு எரருக்காக நான் இரண்டு நாளில் ஒன்பது லைப்ரரிகளின் வெர்ஷனை மாற்றினேன். கடைசியில் குற்றவாளி அந்த ஒன்பதிலும் இல்லை. மாற்றிய ஒன்பதையும் திரும்ப எடுக்க இன்னொரு வாரம் பிடித்தது. அந்த வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜார் என்பது சிப் கோப்புதான். அந்தப் பெரிய ஜாரை 7-சிப்பில் திறந்து, ‘காம்’, ‘கூகுள்’, ‘காமன்’, ‘பேஸ்’ என்று உள்ளே போங்கள். ‘பிரீகண்டிஷன்ஸ்’ அங்கே இருந்தால் பாதி நிரூபணம் முடிந்தது. மீதிப் பாதிக்கு, சர்வரில் ஜேவிஎம் தொடங்கும் வரியில் ‘எக்ஸ்லாக்’ ஆப்ஷனைக் கிளாஸ்-லோடுக்காகச் சேருங்கள். ஜாவா 8 வரை இதற்கே ‘வெர்போஸ் கிளாஸ்’ என்று பெயர். ஏறும் ஒவ்வொரு கிளாஸும் எந்த ஜாரிலிருந்து வந்தது என்று எழுதிவிடும். சர்வரை மறுபடி தொடங்க அனுமதி இல்லையென்றால் அடுத்த டெப்ளாயில் ஒரே ஒரு லாக் வரி போதும்: அந்தக் கிளாஸின் ப்ரொடெக்ஷன் டொமைன், அதன் கோட் சோர்ஸ், அதன் லொகேஷன். டெஸ்ட் சர்வரில் ஒன்றும் மற்றதில் ஒன்றும் எடுத்து, இரண்டு வரிகளையும் ஒரே பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

உங்கள் பட்டியலில் சர்வ்லெட்-ஏபிஐ ஜாரும் இருப்பதைப் பார்த்தேன். டாம்கேட் அதை ஏற்றாமல் ஒதுக்கிவிடும் என்பதால் இப்போதைக்கு ஆபத்தில்லை. மேவனில் அதை ‘ப்ரொவைடட்’ (சர்வரே தரும், வாரில் வேண்டாம்) ஆக்கிவிடுங்கள்.

கூட்டத்தில் வந்த யோசனைகள்

பொது லிப்புக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்-இன்ஃப்பில் பிரதி இருக்கும்வரை அதுதான் முந்தும் என்பதால், குவாவாவை மட்டும் பொது லிப்பில் வைப்பதால் ஒன்றும் மாறாது. எல்லாவற்றையும் அங்கே நகர்த்தினால், அந்த டாம்கேட்டில் ஓடும் மற்ற செயலிகளும் தங்களிடம் இல்லாத ஜார்களுக்கு உங்கள் வெர்ஷனையே எடுத்துக்கொள்ளும். சில ஜார்கள் இரண்டு இடத்திலும் தங்கிவிட்டால் இன்னும் மோசமான எரர் வரும்: ஒரு கிளாஸை அதே பெயருள்ள அதே கிளாஸாக மாற்ற முடியாது என்று ‘கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன்’. ஜேவிஎம்முக்கு ஒரு கிளாஸின் அடையாளம் பெயர் மட்டும் அல்ல, பெயரும் அதை ஏற்றிய கிளாஸ்லோடரும் சேர்ந்தது. அந்த எரரைப் பார்த்துத் தங்கள் கண்ணையே சந்தேகித்தவர்கள் பலர்.

எல்லாவற்றையும் ஒரே வீச்சில் புதிதாக்குவது ஆசை காட்டும் யோசனை. பத்து நாளில் வேண்டாம். குறிப்பாக டாம்கேட் 10: அங்கே ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய சர்வ்லெட் பேக்கேஜ்கள் எல்லாம் ‘ஜகார்த்தா’ ஆகிவிட்டன. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இன் மாற்றம் அது. ஸ்பிரிங் 5-இல் இருப்பவர்கள் 6-க்குப் போகாமல் அதில் ஓட முடியாது. தனித் திட்டமாக, தனி அட்டவணையில் செய்ய வேண்டிய வேலை.

எரரைப் பிடிப்பது பற்றி. இரவு வேலையின் வெளிவிளிம்பில் ‘த்ரோவபிள்’ பிடித்து, லாகில் எழுதி, வேலை தோற்றது என்று அறிவியுங்கள். இதை இன்றே செய்யலாம். பிடித்துவிட்டு மேலே தொடர்வது மட்டும் கூடாது. பாதி எழுதிய பில்லிங் அறிக்கை ஒரு வாடிக்கையாளர் கைக்குப் போவதைவிட அறிக்கை வராமல் இருப்பது மேல்.

வேறு சர்வர் வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. வெப்லாஜிக்கில் இயல்பான வரிசை தலைகீழ், சர்வரின் கிளாஸ்களே முதலில். அங்கே ஹைபர்னேட் 3 ஓட்டியவர்களுக்கு சர்வரின் ‘ஆன்ட்லர்’ ஜார் முந்திக்கொண்ட தொல்லை நினைவிருக்கும். அதற்கு செயலியின் வெப்லாஜிக் அமைப்புக் கோப்பில் ‘ப்ரிஃபர் வெப்-இன்ஃப் கிளாசஸ்’ இருக்கிறது. வெப்ஸ்பியரில் ‘பேரன்ட் லாஸ்ட்’. வைல்ட்ஃப்ளையில் சர்வர் தரும் மாட்யூல்களை ஒவ்வொன்றாக விலக்கும் கோப்பு உண்டு.

எந்த வழியில் போவது

நிலையான தீர்வு அந்தப் பெரிய ஜாரை மாற்றுவதுதான். பணப்பரிமாற்ற நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். லைப்ரரிகளை உள்ளே கொட்டாத ‘தின் ஜார்’ இருக்கிறதா? இல்லையென்றால் உள்ளே இருப்பவற்றின் பேக்கேஜ் பெயரை மாற்றித் தர முடியுமா? மேவனின் ஷேட் ப்ளகினில் ‘ரீலொகேஷன்’ என்று இதற்கே வசதி இருக்கிறது. தங்கள் குவாவாவைத் தங்கள் பேக்கேஜுக்குள் ஒளித்து வைத்தால் யாரோடும் மோதாது. ஜாருக்குள் என்னென்ன லைப்ரரி எந்த வெர்ஷனில் இருக்கிறது என்ற பட்டியலையும் கேளுங்கள். பணம் கொடுத்து வாங்கும் நிறுவனமாக இதைக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பரில், லாக் எழுதும் லைப்ரரியான லாக்4ஜேயின் ஓட்டை வெளியானபோது 2.14.1 வரையிலான லாக்4ஜே 2-ஐத் தேடி உலகமே இரவு விழித்தது. அப்போது பட்டியலில் தெரியாமல் இப்படி ஃபேட் ஜார்களுக்குள் பதுங்கியிருந்தவைதான் கடைசிவரை அகப்படாமல் இருந்தன.

ரீலொகேஷனை நீங்களே செய்துகொள்ளலாமே என்று தோன்றும். தொழில்நுட்பத்தில் முடியும், ஆனால் அந்த ஜார் அவர்களுடையது. அதைப் பிரித்து மாற்ற ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று உங்கள் நிறுவனத்தில் ஒப்பந்தம் பார்ப்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கையொப்பம் இட்ட ஜாராக இருந்தால், மாற்றியதும் கையொப்பம் பொருந்தாமல் ‘செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்’ வரும். பணம் புழங்கும் ஜார் என்பதால் இதில் தயக்கம் நல்லது.

அவர்கள் பதில் பத்து நாளில் வராது. சரி, இந்த மாதத்துக்கு என்ன செய்வது? டாம்கேட்டின் கான்டெக்ஸ்ட் கோப்பில் ‘ப்ரீ-ரிசோர்சஸ்’ என்ற அமைப்பு இருக்கிறது. அதில் குறிப்பிட்ட ஜாரை வெப்-இன்ஃப் கிளாசஸ் இருக்கும் இடத்தில் பொருத்தினால், லிப்பில் உள்ள எந்த ஜாருக்கும் முன்னால் அதுதான் தேடப்படும். தலைவர் பெயர் மாற்றிப் பெற நினைத்ததை இது உறுதியாகத் தரும். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் பதிவாகும், டெப்ளாயில் அழியாது. தற்காலிகம் என்று கோப்பிலேயே எழுதி, எடுக்க வேண்டிய தேதியையும் போடுங்கள்.

அப்புறம், தின் ஜார் வந்த பிறகு, பில்டைச் சோதிக்கும் ப்ளகினான மேவன் என்ஃபோர்சரில் இரண்டு விதி சேருங்கள்: ஒரே லைப்ரரிக்கு இரு வெர்ஷன் கேட்கப்பட்டால் பில்டை நிறுத்தும் விதி, ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருந்தால் நிறுத்தும் விதி. இரண்டாவது கூடுதல் விதிகளின் தொகுப்பில் தனியாகக் கிடைக்கிறது. உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அதுதான். முதல் நாள் நூறு எச்சரிக்கை வரலாம். ஆபத்தில்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்குங்கள், மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். குவாவாவை ஏற்றும்போது 31-இலும் நிற்க வேண்டாம். தற்காலிகக் கோப்புகள் தொடர்பான ஒரு பாதுகாப்புக் குறை 32-இல்தான் சரியானது. 32.0.1-க்கோ அதற்கு மேலோ போங்கள்.

கூட்டத்தில் எப்படிப் பேசுவது

தலைவர் பெயர் மாற்றியதைக் கூட்டத்தில் குற்றமாக வைக்காதீர்கள். அன்று இரவு அவருக்கும் வாடிக்கையாளர் அழுத்தம் இருந்திருக்கும். அந்த இரண்டு லாக் வரிகளைத் திரையில் காட்டுங்கள். எந்த ஜார் எங்கே முந்தியது என்று அதுவே பேசும். உங்கள் பங்கையும் மறைக்க வேண்டாம். புதிய லைப்ரரியைச் சேர்த்தபோது மாதக் கடைசி வேலையை உண்மையான சர்வருக்கு நிகரான இடத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கான ஏற்பாடே உங்கள் குழுவில் இல்லை. அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ப்ரீ-ரிசோர்சஸ் போடும் நாளில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அதன் பிறகு பணப்பரிமாற்ற ஜாரும் புதிய குவாவாவைத்தான் பயன்படுத்தும். பழைய குவாவாவில் ‘ஆப்ஜெக்ட்ஸ்’ கிளாஸில் இருந்த ‘டூஸ்ட்ரிங்ஹெல்பர்’ 21-இல் நீக்கப்பட்டுவிட்டது. அவர்கள் கோடு அதைக் கூப்பிட்டால் இந்த முறை உடைவது அறிக்கை அல்ல, பணம் வாங்கும் இடம். அதனால் டெஸ்ட் சர்வரில் வெற்றியடையும் பணப்பரிமாற்றத்தை மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு ரீஃபண்ட், காலாவதியான கார்டில் ஒரு முயற்சி, நடுவில் நெட்வொர்க்கை அறுத்த ஒரு முயற்சி, இவற்றையும் ஓட்டுங்கள். அந்த மெத்தட் பொருள்களை லாகில் அச்சிடும் இடங்களில்தான் அதிகம் பயன்படும்; அந்த வரிகள் பெரும்பாலும் தோல்வியின்போதுதான் ஓடும்.